உருகிக் காக்கும் இழை

எரியாத கான்கிரீட்டுக்குள் எரியக்கூடிய பிளாஸ்டிக் இழையை ஏன் கலக்கிறார்கள் என்று வார்ப்பாலையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கான்கிரீட் எரியாது, ஆனால் வெடிக்கும். 1996 நவம்பர் 18 அன்று, இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கத்தில் லாரிகளை ஏற்றிச் சென்ற ரயில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுரங்கத்தின் கான்கிரீட் உறை சில்லு சில்லாகத் தெறித்து, சில இடங்களில் மெல்லிய படலமாகிப்போனது. இத்தனைக்கும் அது மிக உறுதியான, இடைவெளியற்ற கான்கிரீட். அந்த நெருக்கமே வினையானது. உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மேற்பரப்பைப் பிய்த்தெறிந்தது.

இங்கேதான் பாலிப்ரொப்பிலீன் இழை உதவுகிறது. சிமென்ட் சாக்கு நெய்கிற அதே பிளாஸ்டிக்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். ஒரு கிலோவிலேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கும். ஏறத்தாழ 165 டிகிரியில் அவை உருகுகின்றன. அவை இருந்த இடமெல்லாம் நுண்ணிய வழிகளாகி, ஆவி வெளியேறிவிடுகிறது. எங்கள் பாட்டி அடுப்புக்கு மண் பிசையும்போது உமி கலப்பார். உமி கருகிய இடத்தில் துளை விழும், அடுப்பு வெடிக்காது. தத்துவம் அதேதான்.

இழை உருகுவது ஒருமுறைதான். உங்கள் வார்ப்பாலை உலையின் கான்கிரீட் உட்சுவரோ திரும்பத் திரும்பச் சூடேறி ஆறுகிறது. ஒவ்வொரு முறையும் ஜல்லி விரிகிறது. சிமென்ட் பசையோ முதல் சூட்டிலேயே நீரை இழந்து சுருங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே விரிசல் விழுகிறது. அந்த விரிசல் அகலாமல் கவ்விப் பிடிப்பது எஃகு இழையின் வேலை. உலைச் சூட்டில் சாதாரண எஃகு அரித்துப் போகும் என்பதால் துருப்பிடிக்காத எஃகைச் சேர்க்கிறார்கள்.

உலைக்கான சிமென்டும் வேறு. நாம் வீடு கட்டும் சிமென்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு 400 டிகிரிக்கு மேல் சுட்ட சுண்ணாம்பாகிறது. ஆறிய பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. தீயில் தப்பிய சுவர் சில நாள் கழித்து உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் உலைகளுக்குக் கால்சியம் அலுமினேட் சிமென்ட்.

இவ்வளவு அறிவு கைவசம் இருந்தும், தீப்பிடித்த கிடங்கின் தூண்களுக்கு மேல்பூச்சு பூசி, வெள்ளையடித்து, மறுபடி மூட்டை அடுக்குகிறார்கள். பார்க்கவே பதறுகிறது. பல வகைக் கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினால் இளஞ்சிவப்பாக மாறும். அந்த எச்சரிக்கையையும் வெள்ளைப்பூச்சு மறைத்துவிடுகிறது. புதிதாகப் பூசிய உலையை, ஒரு ஷிப்டை மிச்சப்படுத்தலாமென்று அவசரமாகச் சூடேற்றுவதும் இதே அலட்சியம்தான். இழை கலந்திருந்தாலும் ஈரம் வெளியேற நேரம் வேண்டும்.

கடிதம் எழுதிய நண்பருக்கும் உலையருகே நிற்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: பூச்சுக்கலவையோடு வரும் சூடேற்றும் அட்டவணையை முதலாளியே அவசரப்படுத்தினாலும் மீறாதீர்கள். தீ கண்ட கட்டடத்தில், பொறியாளர் கான்கிரீட் மாதிரி எடுத்துச் சோதிக்கும்வரை பாரம் ஏற்ற விடாதீர்கள்.