கரகரக்கும் லேப்டாப்: கோளாறு எங்கே?

மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டி இருந்த இடத்தில் இன்று லேப்டாப் உட்கார்ந்திருக்கிறது. ஊரிலிருக்கும் தாயாருடன் முகம் பார்த்துப் பேசுவது அதில்தான். பையனின் பாடமும், பெண்ணுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வும்கூட அதில்தான் நடக்கின்றன. படம் சற்று மங்கினாலும் சமாளித்துவிடலாம். குரல் கேட்காவிட்டால் காரியமே கெட்டுவிடும். அப்படிப்பட்ட பெட்டி ஒருநாள் திடீரென்று 'ம்ம்' என்று முனகத் தொடங்குகிறது. அல்லது வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் சடசடக்கிறது. வீட்டுக்காரர் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடுகிறார்.

கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது. 'மதர்போர்டு போய்விட்டது' என்பது ஒன்று. 'ஃபார்மட் அடிக்க வேண்டும்' என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு. இரண்டாவதில், பிரதி எடுத்து வைக்காவிட்டால், கல்யாணப் போட்டோக்கள் முதல் கல்லூரிக் கணக்குகள் வரை எல்லாம் போய்விடும். இந்த இரண்டுமே கடைசியில் யோசிக்க வேண்டியவை என்கிறார்கள் லாமிங்டன் சாலையில் பல ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடும் கைதேர்ந்த மெக்கானிக்குகள்.

1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைப் பெற்ற சாலை அது. இப்போதைய பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். ஆனால் டாக்சிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் சட்டென்று புரிகிறது. ரேடியோ வால்வு விற்ற காலம் போய், இப்போது அங்கே கம்ப்யூட்டர் சாமான்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அங்குள்ள பழைய கைகள் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் காதைத்தான் தீட்டுகிறார்கள். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் தொழிலாளியைப் பலரும் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மொட்டையாக ஒலிக்கும். லேப்டாப் வைத்தியமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதே முக்கியம்.

சார்ஜரைக் கழற்றினால்...

சயான் கோலிவாடாவில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். பெண் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நேர்முகத் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது லேப்டாப்பில் ஓயாத ரீங்காரம். ஹெட்போன் மாட்டினாலும் அதே சத்தம். எதிர்முனையில் இருப்பவருக்கும் இவள் குரலோடு சேர்ந்து அது கேட்கிறது. பக்கத்துக் கடையில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்ததோ அடுத்த மாதம் ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பணம். அதை எடுப்பதற்கு முன்னால் தாயார் லாமிங்டன் சாலையில் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, போர்டே போயிட்டுன்னு சொல்லுதாவ. பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை இன்டர்வியூ."

"சார்ஜரைப் புடுங்கிட்டுப் பேசிப் பாத்தியளா?"

பார்க்கவில்லை. பிடுங்கினார்கள், சத்தம் நின்றுவிட்டது. மீண்டும் சொருகினால் வந்துவிட்டது. போர்டில் கோளாறு இல்லை, கரண்டு வரும் வழியில்தான் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பேட்டரியை முழுக்க நிரப்பி வைத்துக்கொண்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் பேசி முடித்தாள். எலக்ட்ரீஷியன் மறுவாரம் வந்து பிளக் பாயின்டைத் திறந்தபோது, மூன்று துளை உள்ள சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் என்பது பேருக்குத்தான் இருந்தது.

மும்பையின் பழைய சால்களிலும், அறை மேல் அறையாக எழும்பிய குடியிருப்புகளிலும் இது அபூர்வமான செய்தி அல்ல. காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. லேப்டாப் சார்ஜர் 230 வோல்ட் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் குறைந்த வோல்டேஜாக மாற்றுகிறது. இந்த வெட்டு வேலையில் உண்டாகும் இரைச்சலை அடக்குவதற்காக உள்ளே ஒரு சிறிய கபாசிடர் இருக்கும். அதன் வழியே மிகமிகச் சிறிய அளவு மின்சாரம் வெளிப் பக்கம் கசியும். எர்த் இருந்தால் அது ஓசைப்படாமல் பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உலோக உடம்பில் தங்கி நிற்கும். மூடியைத் தடவினால் விரலில் 'சுர்' என்று இருப்பதும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிவதும் இதனால்தான். அதே கசிவு, ஹெட்போன் கம்பியிலும் மைக்கிலும் ஏறி ரீங்காரமாகக் கேட்கிறது. லேப்டாப்பை வெளியிலுள்ள ஆம்பிளிஃபயரோடு இணைத்தால் இன்னும் பலமாகக் கேட்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது; அந்த முனகல் சுருதியின் வேர் அங்கே இருக்கிறது.

நல்ல சார்ஜரில் இந்தக் கசிவு ஆளைக் கொல்லும் அளவுக்கு இராது. மலிவு விலைப் போலிச் சார்ஜரில் அந்த உத்தரவாதம் இல்லை. அசல்தானா என்று பார்க்க, பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் கவனிக்கலாம்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடும் சில ஆசாமிகள் உண்டு. சத்தம் நின்றுவிடும், வீட்டுக்காரரும் மகிழ்ந்து காசு கொடுத்துவிடுவார். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால், அந்தப் பாயின்டில் மூன்று முள் பிளக்கில் ஓடும் பிரிட்ஜ், அயன் பெட்டி எல்லாவற்றின் உலோக உடம்பிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். லேப்டாப் சத்தத்துக்குப் பயந்து உயிருக்கு உலை வைத்துக்கொள்கிற வேலை இது. தண்ணீர்க் குழாயில் கம்பியைக் கட்டுவதும் அப்படியே. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு முறையான எர்த் எடுப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடுவதும்தான் சரியான வழி.

அடுத்தது ஹெட்போன்

சார்ஜரைக் கழற்றியும் சத்தம் போகவில்லை என்றால், ஒரு நல்ல ஹெட்போனைச் சொருகி அதே பாட்டைக் கேட்க வேண்டும். ஹெட்போனில் சுத்தமாகவும் ஸ்பீக்கரில் கரகரப்பாகவும் இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஸ்பீக்கரே. இரண்டிலும் ஒரே மாதிரி சடசடத்தால், சாஃப்ட்வேர் பக்கம் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரின் தத்துவம் பழையது. 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் உருவாக்கிக் காட்டிய அதே முறைதான் இன்றும் நடக்கிறது. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு. சுருள் ஆட, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. டீக்கடை ரேடியோவில் அந்தக் கூம்பு சோற்றுத் தட்டு அளவு இருந்தது. லேப்டாப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலே அதிகம். அந்தச் சின்ன உதட்டால் தவிலின் தொப்பிப் பக்கத்து ஓசையை எழுப்ப முடியாது. நாதஸ்வரம் கேட்கும், தவில் பாதிதான் கேட்கும். அது கோளாறு அல்ல, அதன் பிறவிக் குணம். இதை அறியாமல் சிலர், 100 சதவீதத்துக்கும் மேலே ஒலியை ஏற்ற இடம் கொடுக்கும் வி.எல்.சி. போன்ற சாஃப்ட்வேரில் கடைசி வரை தள்ளிவிடுகிறார்கள். அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது. நாளடைவில் சுருள் சூடேறிக் கூம்பும் கிழிகிறது.

தாராவி போன்ற இடங்களில் லேத் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தனி உபத்திரவம் உண்டு. காற்றில் வரும் இரும்புத் தூளை ஸ்பீக்கர் காந்தம் இழுத்துவிடும். கூம்பில் ஒட்டிக்கொண்ட தூள் குறிப்பிட்ட சுருதி வரும்போது மட்டும் வண்டுபோல் ரீங்கரிக்கும். மெல்லிய பிரஷ்ஷும் ஒட்டும் டேப்பும் போதும், இதைச் சுத்தம் செய்ய. ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் அதிரும். ஒலி ஓடும்போதே பெட்டியின் ஓரங்களை விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்து, எந்த இடத்தில் அழுத்தினால் அதிர்வு நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

அப்படி அழுத்தும்போது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ, அடிப்பலகை உப்பிக்கொண்டோ இருந்தால் விளையாட்டு வேண்டாம். உள்ளே பேட்டரி வீங்கி மற்றச் சாமான்களை நெம்புகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட வேண்டும். சார்ஜ் போடக் கூடாது. குத்தியோ அமுக்கியோ பார்க்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தண்ணீர்க் குடத்தோடு சமாளிக்கிற தீ அல்ல.

ஸ்பீக்கர் கிழிந்துதான் போயிற்று என்றால் ஜோடியாக மாற்றுவதே முறை. மாடல் எண்ணைக் கொடுத்தால் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். பழைய ஸ்பீக்கரில் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று எழுதியிருந்தால் புதியதிலும் அதே இருக்க வேண்டும். 8 இருந்த இடத்தில் 4 போட்டால் போர்டிலுள்ள ஆம்பிளிஃபயர் கூடுதல் சுமை இழுத்துச் சூடாகும். அப்புறம் மதர்போர்டு நிஜமாகவே போகும்.

சடசடப்பும் 'டப்' சத்தமும்

சாஃப்ட்வேர் கோளாறுக்கு அடையாளம், அது ஒரே சீராக வராது. பாட்டு ஓடும்போது இன்னொரு ஜன்னலைத் திறந்தால் சடசடக்கும். சும்மா விட்டால் அடங்கும். ஒலி லேப்டாப்பில் நொடிக்கு 44,100 அல்லது 48,000 துளிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அவற்றைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி வரிசையாக அனுப்புகிறது பிராசஸர். வைஃபை டிரைவர் போன்ற ஏதாவது ஒன்று இடையில் வழியை மறித்துக்கொண்டால், அடுத்த மூட்டை வரத் தாமதமாகும். சிக்னல் கிடைக்காமல் வெளியே நிற்கும் வண்டியின் கதைதான். அந்த இடைவெளிதான் 'சட்' என்று கேட்கிறது. வைஃபையை ஒரு நிமிஷம் அணைத்துப் பார்த்தால் சில பெட்டிகளில் உண்மை விளங்கிவிடும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கே உரிய ஆடியோ, வைஃபை டிரைவர்களை இறக்கிப் போடுவதும், விண்டோஸ் ஒலி அமைப்பில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை நிறுத்துவதும் பல வீடுகளில் பலித்திருக்கின்றன.

பாட்டு தொடங்கும்போதும் முடிந்த சில நொடிகளிலும் மட்டும் 'டப்' என்று கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒலிச் சிப் தூங்கி விழிக்கிறது, அவ்வளவே.

சத்தமே வரவில்லை என்று பதறுகிறவர்கள் ஒலி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த அறையிலுள்ள புளூடூத் ஸ்பீக்கருக்கோ டி.வி.க்கோ அது போய்க்கொண்டிருக்கும். ஹெட்போன் துளைக்குள் தூசி அடைந்து, உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும், ஹெட்போன் சொருகியிருப்பதாக நினைத்து லேப்டாப் ஸ்பீக்கரை மௌனமாக்கிவிடும். மும்பையின் மழை மாதங்களில் இந்தத் துளையில் பச்சை பூப்பது சகஜம். துளையே கெட்டுவிட்டால், யு.எஸ்.பி.யில் சொருகும் சிறு ஒலிக் கார்டு சில நூறு ரூபாய்தான்.

'ஃபார்மட் அடிக்க வேண்டும்' என்று சொல்லும் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். பென்டிரைவில் உபுண்டு போன்ற இலவச லினக்ஸைப் போட்டு, டிஸ்க்கைத் தொடாமலேயே லேப்டாப்பை ஓட்டிக் காட்ட முடியுமா என்று. அதில் ஒலி சுத்தமாக வந்தால் போர்டு, ஸ்பீக்கர் இரண்டும் நலம், விண்டோஸில்தான் வேலை. அதிலும் கரகரத்தால், ஃபார்மட் அடித்துப் பயன் இல்லை. பத்து நிமிஷச் சோதனை இது. செய்ய மறுக்கிற கடையில் பெட்டியை விட்டுவிட்டு வராதிருப்பதே நல்லது. எங்கே கொடுத்தாலும் முதலில் போட்டோக்களையும் கணக்குகளையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட வேண்டும். கழற்றிய பழைய ஸ்பீக்கரைத் திரும்பக் கேட்டு வாங்குவதும் நல்ல பழக்கம்.

சயான், மாட்டுங்கா பக்கத்திலிருந்து லாமிங்டன் சாலைக்குப் போகிறவர்கள் தாதரில் மாறி, மேற்கு ரயில்வேயின் ஸ்லோ வண்டியில் கிராண்ட் ரோடு போய்க் கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. போகும்போது சார்ஜரையும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். லேப்டாப்பை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே அது சத்தமே போடாமல் சமர்த்தாகப் பாடக்கூடும்.