விமானியின் கழுத்தும் முதுகும்: வலுப் பயிற்சி, ஆபத்துகள், உரிமைகள்

போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது உள்ளே இருப்பவரின் உடல் பல மடங்கு கனக்கிறது. புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்பதை விமானிகள் 'ஜி' என்ற அளவால் சொல்கிறார்கள். மனிதத் தலை ஏறத்தாழ 5 கிலோ. தலைக்கவசமும் ஆக்சிஜன் முகமூடியும் சேர்ந்து சுமார் 2 கிலோ. 9 ஜி-யில் இந்த 7 கிலோ 63 கிலோவாகிவிடும். அந்தச் சுமையோடுதான் விமானி கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் விமானத்தைத் தேட வேண்டும். தஞ்சாவூர் தளத்தில் இருக்கும் சுகோய்-30, சூலூரில் இருக்கும் தேஜஸ் ஆகியவை எட்டு, ஒன்பது ஜி வரை திரும்பக்கூடியவை. ஆகவே உடல்வலுப் பயிற்சியை விமானியின் தனிப்பட்ட விருப்பமாக ஒதுக்கிவிட முடியாது. அது பறக்கும் பணியின் ஒரு பகுதி. அதில் காயம் வராமல் காப்பதும், வந்தால் ஈடு செய்வதும் அந்தப் பணியில் அமர்த்திய அமைப்பின் பொறுப்பு.

உடலுக்குள் நடப்பது

உட்கார்ந்திருப்பவரின் இதயத்துக்கும் மூளைக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற, ஒவ்வொரு ஜி-க்கும் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. தளர்ந்த நிலையில் இருப்பவருக்கு நான்கு ஜி அளவில் பார்வை மங்கத் தொடங்கும். ஐந்தைத் தாண்டினால் நினைவு தப்பலாம். மூளையில் இருப்பாக உள்ள ஆக்சிஜன் ஐந்து விநாடிக்கு மேல் வராது. ஜி மிக வேகமாக ஏறினால் பார்வை மங்கும் முன்னெச்சரிக்கைகூட இல்லாமல் நினைவு போய்விடும். நினைவிழந்தவர் கண் விழிக்கச் சுமார் 12 விநாடி ஆகும். தான் எங்கிருக்கிறோம் என்று தெளியக் கிட்டத்தட்ட அதே அளவு நேரம் மேலும் போகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அந்த நேரத்துக்குள் சுமார் ஆறு கிலோமீட்டர் கடந்திருக்கும்.

இதைத் தடுக்க இரண்டு காப்புகள் உண்டு. கால்களையும் வயிற்றையும் காற்றால் அழுத்தும் ஜி-உடை, தாங்கும் அளவை ஒன்று முதல் ஒன்றரை ஜி வரை கூட்டுகிறது. அதைவிடப் பெரிய காப்பு விமானியின் சொந்த முயற்சி. கால், தொடை, பிட்டம், வயிறு ஆகியவற்றின் தசைகளை முழு வலுவோடு இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று விநாடிக்கு ஒருமுறை சட்டென்று மூச்சை மாற்றிக்கொள்ள வேண்டும். சரியாகச் செய்தால் இது மூன்று ஜி வரை கூடுதல் தாங்குதிறனைத் தரும். ஆனால் உடலை விரைவில் களைப்படையச் செய்யும். வலுவான தசை இந்த முயற்சியை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். பல வாரங்கள் எடைப்பயிற்சி செய்தவர்கள் ஜி-யைக் கூடுதல் நேரம் தாங்கினார்கள் என்பதை 1980-களில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் மனிதரைச் சுழற்றி ஜி-யை உண்டாக்கும் எந்திரத்தில் நடத்திய சோதனைகள் காட்டின.

கழுத்தும் முதுகும் வேறு வகையில் தேய்கின்றன. ஜி ஏறிய பிறகு தலையைத் திருப்புவது கழுத்துத் தசைகளுக்கும் முள்ளெலும்பு வட்டுகளுக்கும் மிகவும் ஆபத்தான செயல். ஹெலிகாப்டர் குழுவினருக்கு ஜி குறைவுதான். ஆனால் அதிர்வும் கூனிய இருக்கையும் மணிக்கணக்கில் நீள்கின்றன. இரவுப் பார்வைக் கருவியும் அதைச் சமன்செய்யும் எடையும் தலைக்கவசத்தில் ஏறினால் கழுத்தின் சுமை இன்னும் கூடும். கதவோரம் சாய்ந்து பணிபுரிபவர்களும், சரக்குகளைத் தூக்கி இறக்கும் குழுவினரும் இதே வலிகளுக்கு ஆளாகிறார்கள். அவசரத்தில் விமானத்திலிருந்து வெளியேற்றும் இருக்கை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஜி-யை முதுகெலும்பின் மேல் ஏற்றுகிறது. அப்போது நடுமுதுகும் கீழ்முதுகும் சேரும் இடத்தில் எலும்பு நசுங்குவது அடிக்கடி காணப்படும் காயம்.

நல்ல பயிற்சியின் இலக்கணம்

விமானிக்கான பயிற்சி, உடலைக் கட்டுமஸ்தாகக் காட்டும் பயிற்சியிலிருந்து வேறுபட்டது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் முழு உடல் வலுப் பயிற்சி அதன் அடிப்படை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், இழுத்தல், தள்ளுதல் ஆகியவை கால்களுக்கும் நடு உடம்புக்கும் வலு தருகின்றன. மிதமான ஓட்டமும், இடைவெளி விட்டு வேகமாக ஓடும் பயிற்சியும் விரைவில் மீண்டெழும் ஆற்றலைத் தருகின்றன. அளவு மீறிய நெடுந்தூர ஓட்டம் ஓய்வுநிலை இதயத்துடிப்பை மிகவும் குறைத்து, ஜி தாங்குவதற்கு இடையூறாகலாம் என்ற எச்சரிக்கை நெடுநாளாகவே உண்டு. மாரத்தான் வீரரின் திட்டத்தை அப்படியே போர் விமானிக்குக் கொடுக்கக் கூடாது.

கழுத்துக்குத் தனித் திட்டம் தேவை. தொடக்கத்தில் சொந்தக் கையால் எதிர்ப்புக் கொடுத்து, தலை அசையாமல் நான்கு திசையிலும் தள்ளும் பயிற்சி போதும். ஆழ்ந்த கழுத்துத் தசைகள், தோள்பட்டைத் தசைகள் ஆகியவை வலுவடைந்த பிறகே பட்டையும் எடையும் சேர்க்கலாம். தலையைப் பின்னால் சாய்த்தோ திருப்பியோ கனமான எடையைத் தூக்கச் சொல்லும் பயிற்றுநரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரே தலைக்கவசம் மெல்லிய கழுத்தில் அதிகம் அழுத்தும் என்பதால் ஒவ்வொருவரின் அளவுக்கும் ஏற்பத் திட்டம் மாற வேண்டும். 2016 ஜூனில் இந்திய விமானப்படையில் முதல் மூன்று பெண் போர் விமானிகள் பணியில் சேர்ந்த பிறகு இந்தக் கவனம் இன்னும் முக்கியமாகிவிட்டது.

பறக்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் பயிற்சி நேரத்தை வகுக்க வேண்டும். கடுமையான கால் பயிற்சிக்கு மறுநாள் தசைவலியோடு விமானம் ஏறுபவரால் தசைகளை முழுதாக இறுக்க முடியாது. நீர்ச்சத்துக் குறைவு, தூக்கமின்மை, பட்டினி, காய்ச்சல், மது ஆகிய ஒவ்வொன்றும் ஜி தாங்குதிறனைக் குறைக்கும். நீண்ட விடுப்புக்குப் பின் உடனே உச்ச ஜி-க்குப் போகாமல் படிப்படியாக ஏற வேண்டும். இங்கிலாந்து விமானப்படை தன் விமானக் குழுவினருக்கெனத் தனி உடல்வலுத் திட்டம் வைத்திருக்கிறது. அமெரிக்க விமானப்படையின் போர் விமானப் பிரிவுகளில் வலுப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்ட்டும் பிரிவோடு சேர்ந்தே பணியாற்றும் ஏற்பாடு உண்டு. இந்தியாவில் பெங்களூரு வான்வெளி மருத்துவ நிறுவனம் 1957 முதல் இத்துறையில் இயங்குகிறது. மனிதரைச் சுழற்றிச் சோதிக்கும் எந்திரமும் அங்கே இருக்கிறது. அந்த அறிவு ஒவ்வொரு தளத்தின் பயிற்சிக் கூடத்துக்கும் சென்று சேர்வதுதான் பயன்.

எங்கே ஆபத்து

முதல் ஆபத்து, தகுதியற்ற பயிற்றுநர். பிசியோதெரபிஸ்ட்டுகளின் தகுதியைச் சார் மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. வெளியே இயங்கும் ஜிம் பயிற்றுநருக்கு அப்படிச் சட்டம் கேட்கும் உரிமம் எதுவும் இல்லை. ஆகவே அவருடைய பட்டயம், அனுபவம், காயம் பற்றி அவர் கேட்கும் கேள்விகள் ஆகியவற்றை வைத்தே அவரை எடைபோட வேண்டும். பழைய காயம், பறக்கும் விமானத்தின் வகை, அந்த வாரப் பறத்தல் ஆகிய மூன்றையும் கேட்காமல் எடையைக் கையில் கொடுப்பவர் விமானிக்குப் பொருத்தமானவர் அல்ல.

இரண்டாவது, ஊட்டப் பொடிகளும் மாத்திரைகளும். பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடிகளில் காஃபீனும் வேறு தூண்டிகளும் மிகுதியாக இருக்கலாம். அவை இதயத்துடிப்பையும் தூக்கத்தையும் பாதிக்கும். தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. தளத்தின் மருத்துவ அதிகாரியிடம் காட்டாமல் எதையும் உட்கொள்ளாமல் இருப்பது அதைவிடப் பாதுகாப்பு.

மூன்றாவது, உடற்பயிற்சிக் கைக்கடிகாரம். ஓட்டப் பாதைகளைச் சேர்த்துக் காட்டிய ஓர் இணைய வரைபடத்தால் பல நாடுகளின் படைத்தளங்கள் வெளியே தெரிந்துபோனது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது. தளத்துக்குள் இடம்காட்டும் வசதியை அணைத்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, வலியை மறைப்பது. மருத்துவத் தகுதி, முழுத் தகுதியைக் குறிக்கும் ஏ1ஜி1 நிலையிலிருந்து இறங்கிவிடும், பறப்பதிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில் பலர் வலியை விழுங்கிக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் காட்டிய தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில வார ஓய்விலும் சிகிச்சையிலும் குணமாகும். மறைத்த வட்டுக் காயம் பறத்தலையே முடித்துவிடக்கூடும். கைக்கு இறங்கும் வலி, விரல் மரத்துப்போதல், பிடி தளர்தல், இரவில் எழுப்பும் முதுகுவலி ஆகியவற்றை அன்றே தெரிவிக்க வேண்டும். கால் வலுவிழப்பதும் சிறுநீர் கட்டுப்பாடு போவதும் அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள்.

உரிமைகள்

பறக்கும் பணிக்குத் தேவையான மருத்துவப் பரிசோதனையும் சிகிச்சையும் விமானப்படை வீரருக்கு அரசின் செலவில் கிடைக்கும். நிர்வாகம் ஏற்பாடு செய்த அல்லது அனுமதித்த விளையாட்டிலும் பயிற்சியிலும் நேரும் காயத்தைப் பணியின்போது நேர்ந்ததாகக் கருதும் வழி ஓய்வூதிய உரிமை விதிகளில் உண்டு. வெளி ஜிம்மில் தனியாகச் செய்த பயிற்சிக்கு அந்த வழி எளிதில் திறக்காது. ஆகவே பயிற்சித் திட்டம் தளத்தின் ஒப்புதலோடு, எழுத்தில் இருக்க வேண்டும்.

பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் மோசமான ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஊன ஓய்வூதியம் கோரலாம். பணியில் சேரும்போது மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய் பின்னர் தோன்றினால், அது பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், பணியிலிருந்து விலகும் தேதியைப் பார்த்து எந்த விதி பொருந்தும் என்று அறிந்துகொள்ள வேண்டும்.

தீர்வுக்கான படிகள்

முதல் படி பதிவு. வலி தொடங்கிய நாள், அதற்கு முந்தைய பறத்தல், செய்த பயிற்சி ஆகியவற்றை மருத்துவ அதிகாரியிடம் சொல்லி, அவை மருத்துவ ஆவணத்தில் ஏறியிருக்கின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். காயம் என்றால் காய அறிக்கை எழுதப்பட வேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஊனத்தை மதிப்பிடும் மருத்துவக் குழுவின் முன் உட்காரும்போது இந்தத் தாள்களே சாட்சி.

இரண்டாவது படி, மருத்துவக் குழுவின் முடிவைப் பெறுவது. நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஓய்வூதியக் கோரிக்கை மறுக்கப்பட்டால் முதல் மேல்முறையீடும், அதுவும் தள்ளுபடியானால் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

மூன்றாவது படி, குறைதீர் மனு. விமானப்படைச் சட்டம் 1950-இன் 26-ஆம் பிரிவு அதிகாரி அல்லாத வீரர்களுக்கும், 27-ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும் மேலதிகாரியால் இழைக்கப்பட்ட அநீதியை முறையிடும் உரிமை தருகின்றன. காயத்தோடு பயிற்சி செய்யக் கட்டாயப்படுத்தினால் இந்த வழியில் முறையிடலாம்.

நான்காவது படி, 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது. உள்வழிகளை முயன்று பார்த்த பிறகே அங்கே செல்ல வேண்டும். ஆனால் மனு அளித்து ஆறு மாதம் பதில் இல்லாவிட்டால் அந்த வழி முடிந்ததாகவே கொள்ளப்படும். இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து, பதில் இல்லையெனில் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து, ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது.

தனியார் பயிற்றுநரின் கவனக்குறைவால் காயம் என்றால் வழி வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கட்டண ரசீது, பயிற்சித் திட்டம், மருத்துவச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.