சந்தை விலையறிந்து விளைபொருளை அனுப்புதல்

விளைவிப்பதிற் காட்டும் கவனத்தை விற்பதிலும் காட்டும் கமக்காரர் சிலரே. தக்காளியைப் பறித்து, சாக்கிற் கட்டி, இரவு லொறியில் ஏற்றிய பின்னரே பலர் விலையை விசாரிக்கின்றனர். பொருள் தம்புள்ளையை அடைந்துவிட்டால் அதனைத் திருப்பிக் கொண்டுவருதல் இயலாது. சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருதலே வழியாகின்றது.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999 ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கி வருகின்றது. அங்கு மரக்கறி அனுப்பும் சிறு செய்கையாளரின் செலவுகளை ஆராய்ந்து லேர்ண்ஏசியா நிறுவனத்தினர் 2008 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மொத்தச் செலவில் ஏறக்குறைய நூற்றுக்கு 11 பங்கு தகவல் தேடுவதற்கே செலவாயிற்று. பசளையின் விலையை மூட்டை மூட்டையாகக் கணக்கிடும் நாம் இச்செலவைக் கொப்பியில் எழுதுவதேயில்லை.

இதனைக் குறைப்பதற்குக் கையடக்கத் தொலைபேசி ஒன்றே பெரும்பாலும் போதும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் நாள்தோறும் மொத்த விலைகளை வெளியிடுகின்றது. அதனை அறிந்துகொண்டு, பறிப்பதற்கு முதல் நாளே குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் விசாரித்தல் வேண்டும். விலையை மாத்திரம் கேட்பது போதாது. எத்தரத்துக்கு அவ்விலை, கழிவென்று எத்தனை கிலோ நீக்குவர், தரகு உண்டா, பணம் எப்போது கிடைக்கும் என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். பேச்சில் முடிந்த விலையைக் குறுஞ்செய்தியாகவும் பெற்றுக்கொள்ளுதல் நன்று. பின்னர் பிணக்கு ஏற்படின் அதுவே சாட்சி.

கூடிய விலை என்றும் கூடிய இலாபமன்று. 500 கிலோ தக்காளிக்கு உள்ளூர்ச் சந்தையில் கிலோவுக்கு 95 ரூபாவும் தம்புள்ளையில் 120 ரூபாவும் கிடைப்பதாகக் கொள்வோம். உள்ளூரில் வரவு 47,500 ரூபா. தம்புள்ளைக்குச் சாக்கில் அனுப்பி, வழியில் நசிந்தும் அழுகியும் 50 கிலோ கழியுமாயின், எஞ்சிய 450 கிலோவுக்கு 54,000 ரூபா கிடைக்கும். ஏற்றுக்கூலியும் லொறிக்கூலியும் கிலோவுக்கு 11 ரூபாவாக 5,500 ரூபாவைக் கழித்தால் மிஞ்சுவது 48,500 ரூபா. ஆயிரம் ரூபாவுக்காக ஓரிரவு விழிப்பு! அதே பொருளைப் பிளாத்திக்குப் பெட்டிகளில் அடுக்கி, சேதத்தை 20 கிலோவாகக் குறைத்தால் 52,100 ரூபா மிஞ்சும். பெட்டி வாடகையை அதிலிருந்து கொடுக்கலாம். அயற் கமக்காரர் நால்வர் தொலைபேசியிற் பேசி ஒரே லொறியைப் பிடிப்பாராயின் கூலியும் குறையும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். இன்றைய விலை இன்று விற்பதற்கே உதவும். எதனை நடுவது என்று தீர்மானிப்பதற்கு உதவாது. விலையேறிய மாதத்தில் எல்லோரும் மிளகாயை நட்டால், அறுவடை ஒரே காலத்தில் வந்து விலை விழுவது திண்ணம். சென்ற இரண்டு மூன்று வருடங்களின் அதே மாத விலைகளை ஒப்பிட்டு, அயலார் என்ன நடுகின்றனர் என்பதையும் கேட்டறிந்த பின்னரே நடுதல் வேண்டும். செய்கை முறை, பீடை, நோய் பற்றிய ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

நெற் செய்கையாளர் விலையைக் கேட்பதற்கு முன் ஈரப்பதன் எவ்வளவுக்கு ஏற்பர் என்று கேட்டல் வேண்டும். நெற் சந்தைப்படுத்தும் சபையின் உத்தரவாத விலை நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாத ஈரமுள்ள நெல்லுக்கே உரியது. களத்தில் ஒரு நாள் கூடுதலாக உலர்த்துவதற்கு ஆகும் கூலியையும், ஈர நெல்லுக்குத் தனியார் குறைக்கும் விலையையும் ஒப்பிட்ட பின்னரே லொறிக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும்.