பேஸை நேரா லேப்டாப்ல சொருகினா ஏன் காணாமப் போகுது?

வந்திருக்கிற கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். தி.நகர்ல இருந்து ஒரு பேஸ் பிளேயர் கேட்டிருக்கார். பேண்டோட முதல் பாட்டு, அடுத்த மாசம் வெளிவருது. பேஸை இன்டர்ஃபேஸ்ல நேரா சொருகி ரெக்கார்ட் பண்ணியிருக்கார். ஹெட்ஃபோன்ல நல்லா இருக்கு. போன்ல போட்டா, அந்தப் பாட்டுல அவர் இருக்கிறதே தெரியலையாம். "ஆம்ப் வாங்கித்தான் ஆகணுமா?"

வேண்டாம். முதல்ல, அவ்வளவு பெரிய ஆம்பை அவர் வீட்டில் எங்கே வைப்பார்? கீழ் வீட்டு மாமா ரெண்டாவது நிமிஷமே மேல வந்துடுவார். இரண்டாவது, நேரடி சிக்னல்ங்கிறது வேற வழியில்லாம செய்யிற வேலை இல்லை. 1960களில் டெட்ராய்ட்டில் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், ஆம்ப் முன்னாடி மைக் வைத்து எடுத்ததில்லை. வயர் நேரா கன்சோலுக்குப் போனது. இன்னைக்கும் பேஸ் பிளேயர்கள் படிக்கிற பாடப்புத்தகம் அந்த டோன்தான்.

நம்ம ஊர் வீட்டுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. மைக் இல்லைன்னா அறை ரெக்கார்ட் ஆகாது. பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிக்கட்டும், பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதியில் அறுபத்துமூவர் போகட்டும், உங்க டேக் கெடாது. பாடகருக்கும் வயலினுக்கும் இந்த வசதி கிடையாது.

ஆனா காற்றில் வரும் சத்தம் நுழையாத அந்த வயருக்குள்ள கரண்ட் சத்தம் தாராளமா நுழையும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸோட கீழ் ஈ கம்பியில் மூணாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம். ஹம்மை ஈக்யூ வைத்து வெட்டினா, கூடவே உங்க ஜியும் போயிடும். அமெரிக்காக்காரங்க வீடியோவில் 60 ஹெர்ட்ஸில் வெட்டச் சொல்றதைப் பார்த்து நாம அப்படியே செஞ்சா ஹம் போகாது, அதுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பி சுரம்தான் மெலியும். அதனால ஹம்மை மிக்ஸிங்கில் துரத்தாதீங்க, ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே நிறுத்துங்க.

லேப்டாப் சார்ஜரைக் கழட்டி பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. பாதி நேரம் கதை அங்கேயே முடிஞ்சிடும். ஃபேன் ரெகுலேட்டரும் மங்கலாக்கும் சுவிட்ச் உள்ள லைட்டும் ஒரு மாதிரி 'ஜ்ர்ர்' சத்தம் குடுக்கும். டேக் எடுக்கிற நாலு நிமிஷம் ஃபேனை அணைங்க, வேர்க்கத்தான் செய்யும். ஜாஸ் பேஸ்னா ரெண்டு பிக்கப் வால்யூமையும் முழுசா திறங்க. ஒண்ணோட ஹம்மை இன்னொண்ணு தின்னுடும். உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் திரும்பிப் பாருங்க, ஏதோ ஒரு திசையில் சத்தம் சட்டுனு குறையும்.

கம்பியைத் தொட்டா ஹம் கொஞ்சம் குறையுறது சகஜம். ஆனா தொட்டா விரல்ல லேசா சுரீர்னு இருக்கா? அப்போ வாசிக்கிறதை உடனே நிறுத்துங்க. பழைய வீடுகளில் மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், அதுக்குப் பின்னாடி எர்த் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் அது. ஹம் போகணும்னு பிளக்கோட எர்த் பின்னை உடைக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீங்க. ரெண்டு கையும் இரும்புக் கம்பி மேல இருக்கிற வேலை இது. கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் இதுக்குன்னே இருக்கு. அது சிக்னல் வயரோட கிரவுண்டைத்தான் பிரிக்கும், உங்க உயிரைக் காக்கிற எர்த்தைத் தொடாது.

சரி, சுத்தமான சிக்னல் வந்தாச்சு. இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்'னு ஒரு பட்டன் இருக்கும். பாசிவ் பேஸ்னா அது கட்டாயம். பேஸ் பிக்கப்பால் பெரிய சுமையை இழுக்க முடியாது. அந்தப் பட்டன் போட்டா எதிர்ல 1 மெகா ஓம் அளவு இருக்கும், பிக்கப் நிம்மதியா மூச்சு விடும். லைன் இன்புட்டில் சொருகினா 10 கிலோ ஓம் அளவுதான். முதல்ல செத்துப் போறது மேல் ஓசைகள். நம்ம தி.நகர் நண்பரோட பிரச்சினை இந்த இடத்திலேயே ஆரம்பிச்சிருக்கலாம். ஏன்னா போன்ல கேட்கப் போறதே அந்த மேல் ஓசைகளை மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். கீழ் ஈ கம்பியோட அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு அது சுத்தமா வராது. 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதுக்குத் திணறல்தான். ஆனா ஒரு கம்பி ஒரே ஓசையைத் தர்றதில்லை. 41ஓட 82, 123, 165ன்னு அடுக்கடுக்கா மேல போகும். அந்த அடுக்கோட மேல் படிகள் மட்டும் காதில் விழுந்தாக்கூட, படிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே கண்டுபிடிச்சுக்கும். 80களில் இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை நம்ம அப்பா அம்மா டிரான்சிஸ்டரிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும்தான் கேட்டாங்க. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அடிச்சுரம் எங்கே வந்தது? ஆனாலும் பேஸோட மெட்டைக் கூடவே முணுமுணுத்தாங்க.

அதனால "பேஸ் கேட்கலை"ன்னு 60 ஹெர்ட்ஸை ஏத்தினா என்ன ஆகும்? போன்ல ஒரு மாற்றமும் இருக்காது. ஷேர் ஆட்டோவில் சீட்டுக்கு அடியில் இருக்கிற சப்வூஃபர் மட்டும் பாட்டையே முழுங்கிடும். ஏத்த வேண்டியது மேல் படிகளை.

அது கையில் ஆரம்பிக்குது. விரலை பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினா ஓசை இறுக்கமா, தெளிவா வரும். கழுத்துப் பக்கம் போனா உருண்டையா, மந்தமா வரும். ஒரே பாட்டை ரெண்டு இடத்திலும் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. எந்த பிளக்-இன்னும் அவ்வளவு வித்தியாசம் காட்டாது. அப்புறம் கம்பி. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், கடல் காத்தும் வேர்வையும் சேர்ந்து கம்பியை எவ்வளவு சீக்கிரம் மங்க வைக்கும்னு. வாசிச்சு முடிச்சதும் துணியால் துடைங்க. ஜேமர்சன் வருஷக்கணக்கா கம்பியே மாத்தலைன்னு யாராவது சொன்னா, உண்மைதான். அது ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அவருக்கு வேண்டியதும் அந்த மந்தமான 'தும்' ஓசைதான்.

ரெக்கார்ட் அளவு: நீங்க அடிக்கிற பலமான அடி மீட்டரில் மைனஸ் 10 பக்கம் நின்னா போதும். 24 பிட்டில் அதுக்கு மேல நெருக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போ மிக்ஸ். முதல்ல கம்ப்ரஸர்: 4:1, அட்டாக் 20லிருந்து 30 மில்லி செகண்ட், முள் 4, 5 டெசிபல் இறங்குற மாதிரி. அட்டாக்கை இதைவிட வேகமா வைத்தா விரல் கம்பியைத் தொடுற அந்த முனை மழுங்கிடும். பேஸ் எங்கே இருக்குன்னு காது கண்டுபிடிக்கிறதே அந்த முனையை வைத்துத்தான்.

அடுத்து, டிராக்கை ரெண்டாக்குங்க. ஒண்ணு சுத்தமா இருக்கட்டும், அடிப்பகுதிக்கு அது பொறுப்பு. இன்னொண்ணில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிட்டு டிஸ்டார்ஷனோ இலவச ஆம்ப் சிமுலேட்டரோ போடுங்க. தனியா கேட்டா கொசு பாடுற மாதிரி அசிங்கமா இருக்கும், பரவாயில்லை. அதைச் சுத்தமான டிராக்குக்கு அடியில் மெதுவா ஏத்துங்க. அழுக்குன்னு தெரியுறதுக்கு ஒரு படி முன்னாடி நிறுத்துங்க. நண்பரோட பேஸ் போன்ல முகம் காட்டப் போறது அந்த இடத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆம்ப் சிமுலேட்டர் சில சமயம் சிக்னலைக் கொஞ்சம் தாமதமாக்கும். 1 மில்லி செகண்ட் தாமதம்னா 500 ஹெர்ட்ஸில் ரெண்டு டிராக்கும் நேர் எதிரெதிரா நின்னு ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். டிராக்கைச் சேர்த்ததும் ஓசை கனமாகாம மெலிஞ்சா சந்தேகப்படுங்க. ஒண்ணோட போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்க, இல்லைன்னா அலையைப் பெரிசாக்கி கையால் நகர்த்திப் பொருத்துங்க.

சோலோ பட்டனை அமுக்கி டோன் பார்க்காதீங்க. தனியா கேட்கும்போது மயக்கும் பேஸ், கிக் டிரம் கூட வந்ததும் கஞ்சியாயிடும். மிருதங்கம் இருக்கிற பேண்டுன்னா இன்னும் கவனம் வேணும். தொப்பியில் கும்கி விழுற இடத்தில் பேஸ் சுரம் நீண்டுக்கிட்டே இருந்தா ரெண்டுமே போச்சு. அங்கே ஈக்யூவைத் தேடாம, சுரத்தை இடது கையால் அமுக்கிச் சீக்கிரம் முடிங்க. நானா இருந்தா அதுக்காக அந்த நாலு பாரைத் திரும்ப வாசிச்சிடுவேன்.

நண்பருக்கு ஒரு யோசனை. எதுவும் போடாத அந்த முதல் டிஐ ஃபைலைத் தனியா ரெண்டு இடத்தில் சேமிச்சு வைங்க. நாளைக்கு நல்ல ஆம்ப் இருக்கிற ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் கிடைச்சா, பேஸைத் தூக்கிட்டுப் போக வேண்டாம்; அந்த ஃபைலை ரீஆம்ப் பாக்ஸ் வழியா ஆம்புக்குள் அனுப்பி மைக் வைத்துப் பிடிச்சுக்கலாம். இந்தப் பாட்டுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது. மிக்ஸை முதல்ல போன் ஸ்பீக்கரில், அப்புறம் இயர்போனில், முடிஞ்சா சப்வூஃபர் இருக்கிற ஒரு ஆட்டோவில் போட்டுக் கேளுங்க. ஆட்டோக்கார அண்ணன்கிட்ட கேட்டா புளூடூத் குடுப்பார். மூணு இடத்திலும் உங்க மெட்டைத் தொடர முடிஞ்சா பாட்டை வெளியிடுங்க, லிங்க் அனுப்புங்க.