மரகதத்துக்குள் மறைந்திருந்த உலோகம்

நவரத்தின மோதிரத்தில் பச்சையாக மின்னும் மரகதத்துக்கும், பூனையின் கண்போல ஒளிக்கோடு ஓடும் வைடூரியத்துக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் பெரிலியம் என்னும் உலோகம் இருக்கிறது. பெரில் என்ற கனிமத்தில் சிறிது குரோமியம் கலந்தால் மரகதம். வைடூரியமாக இன்று விற்கப்படும் கல் கிரைசோபெரில். 'பெரில்' என்ற சொல்லே கிரேக்கத்துக்குப் பிராகிருதத்தின் 'வேளுரிய' வழியாகப் போனது என்பது மொழியறிஞர் கருத்து. காங்கேயத்தை அடுத்த படியூரில் முற்காலத்தில் பெரில் வெட்டி எடுக்கப்பட்டது; கொடுமணல் அகழாய்விலும் பெரில் மணிகள் கிடைத்தன.

மரகதத்துக்கும் பெரிலுக்கும் படிக வடிவம் ஒன்றாக இருப்பதைப் பாரிஸில் கனிமவியலாளர் ஹாயூய் கவனித்தார். அவர் கேட்டுக்கொண்டதால் 1798-இல் இரண்டையும் பகுத்தாய்ந்த வேதியியலாளர் வாக்லன், அவற்றில் அதுவரை அறியாத ஒரு தனிமத்தின் ஆக்சைடு இருப்பதைக் கண்டார். அதன் உப்புகள் நாவில் இனித்தன. அதனால் இனிப்பைக் குறிக்கும் 'குளுசினியம்' என்ற பெயர் பிரான்சில் நெடுங்காலம் வழங்கியது. உலோகத்தைப் பிரித்தெடுக்க மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 1828-இல் வோலர் ஜெர்மனியிலும் பூசி பிரான்சிலும் தனித்தனியே அதைச் சாதித்தார்கள்.

பெரிலியத்தின் வேதிக் குணத்தைப் பெரும்பாலும் அதன் அயனியின் சிற்றளவே தீர்மானிக்கிறது. அணு எண் 4. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்தால் மிஞ்சுவது மிகச் சிறிய அயனி. அதன்மேல் இரட்டை மின்சுமை. அண்டை அணுக்களின் எலெக்ட்ரான்களை அது தன் பக்கம் வலுவாக இழுக்கும். மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் குளோரைடுகள் உருகினால் நன்றாக மின்சாரம் கடத்தும்; பெரிலியம் குளோரைடோ பங்கீட்டுப் பிணைப்பால் ஆனது, உருகினாலும் மிகக் குறைவாகவே கடத்தும். பெரிலியம் ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். இது அப்படியே அலுமினியத்தின் நடத்தை. தனிம அட்டவணையில் மூலைவிட்டமாக அமைந்த இவ்விரண்டின் ஒற்றுமையை மூலைவிட்டத் தொடர்பு என்கிறோம்.

இந்த ஒற்றுமை 19-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களைக் குழப்பியது. அலுமினியத்தைப் போல இணைதிறன் 3 என்றால் அணு எடை சுமார் 14. இணைதிறன் 2 என்றால் சுமார் 9. 14 எடையுள்ள தனிமத்துக்குத் தன் அட்டவணையில் இடமே இல்லை என்று கண்ட மெண்டலீவ், 9-தான் சரி என்றார். 1884-இல் நில்சனும் பெட்டர்சனும் பெரிலியம் குளோரைடின் ஆவியடர்த்தியை அளந்து அவர் கணிப்பை மெய்ப்பித்தார்கள்.

பெரிலியம் அலுமினியத்தைவிட இலேசானது, எஃகைவிட விறைப்பானது. ஆழ்குளிரிலும் வடிவம் பெரிதாக மாறாது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 முதன்மை ஆடித் துண்டுகளும் தங்கம் பூசிய பெரிலியமே. 1932-இல் இயற்பியலாளர் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்ததும் ஆல்ஃபா துகள்களைப் பெரிலியத்தின்மேல் மோதவிட்டுத்தான்.

இவ்வளவு தரும் உலோகம், தூசியாகி மூச்சில் கலந்தால் கொல்லும். 1940-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெரிலியம் சேர்மங்களைக் கையாண்ட குழல்விளக்குத் தொழிலாளர்கள் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். மருத்துவர் ஹாரியட் ஹார்டி அந்த நோயை ஆராய்ந்து 1946-இல் வெளியிட்டார். அணு இயற்பியலாளர் ஃபெர்மியுடன் பணியாற்றிய ஹெர்பர்ட் ஆண்டர்சன், இளமையில் சுவாசித்த பெரிலியத்தால் நுரையீரல் கெட்டு 1988-இல் இறந்தார்.

இங்கும் அந்தச் சிற்றயனியின் வேலைதான். குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களின் நோயெதிர்ப்புப் புரதம் ஒன்றில் ஒரு சிறு குழி இருக்கிறது. அயனி அதற்குள் போய் அமர்ந்ததும் சொந்தப் புரதமே அந்நியமாகத் தோன்ற, உடல் தன் நுரையீரலையே தாக்குகிறது. பல ஆண்டுகள் கழித்தும் நோய் வெளிப்படலாம். மருந்தால் அடக்க முடியும். முற்றாகக் குணமாக்க முடியாது. அமெரிக்கா 2017-இல் விதித்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராம், முந்தைய வரம்பில் பத்தில் ஒரு பங்கு.

மோதிரத்து மரகதத்தால் அணிபவருக்கு ஆபத்தில்லை. சிலிக்கேட் கட்டமைப்புக்குள் பெரிலியம் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஆபத்து, பெரிலியம்-தாமிர உலோகக்கலவையை அறுத்து, தேய்த்து, மெருகேற்றும் பட்டறைகள் போன்ற இடங்களில்தான். அங்கே தூசியை உறிஞ்சும் கருவியும் தகுந்த சுவாசக் கவசமும் தொழிலாளியின் உரிமை. பட்டறை நடத்துபவர்களே, அவற்றை முதலில் வாங்குங்கள். பிறகு பொறியை ஓட்டுங்கள்.