ஆறு மாத அவகாசம்

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடத்திலிருந்து புதுச்சேரி சில மணி நேரப் பயணம்தான். 1962-இல், புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு இந்தப் பக்கத்து ஊர்களில் குடியிருந்தவருக்கும்கூட ஓர் உரிமை இருந்தது. தான் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை அவரே எழுதிக் கொடுக்கலாம்.

1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், சட்டப்படி அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் அன்றே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரராகவே இருக்கலாம். மண்ணை இணைக்க 178 பேரிடம் கேட்டவர்கள், குடியுரிமைக்கு ஆளாளுக்கு வாய்ப்பளித்தார்கள். இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சுமார் 5 ஆயிரம் பேர் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' குடும்பங்கள் அவர்களில் பல. அப்பா போட்ட ஒரு கையெழுத்து, மணமாகாத சிறு பிள்ளைகளின் நாட்டையும் முடிவு செய்தது. அதனால்தான் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இன்றும் புதுச்சேரித் தமிழர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

இலங்கை மலையகத்தில் நடந்தது வேறு. சுதந்திரம் வந்த 1948-லேயே அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று முதலில் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். விண்ணப்பப் படிவம் அதற்குப் பிறகுதான் வந்தது. தேயிலைக் கொழுந்து பறித்து அந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மலையக வழியில் வந்தவர்கள் பலர், இலங்கை உள்நாட்டுப் போருக்குப் பயந்து கடல் தாண்டி வந்து, தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இன்னமும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. புதுச்சேரிக்காரருக்கு 1962-இல் தந்த அந்த ஆறு மாதத்தை, டெல்லி இவர்களுக்கும் தர வேண்டும்.