இலாகாக்கள் பலவும் இளைஞன் ஒருவனும்

நிலக்கரி யுகமும் அதற்குப் பின் வரவிருக்கும் யுகமும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கும் மாவட்டம், திருவள்ளூரைப் போல் தமிழ்நாட்டில் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. கடலோரம் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், வல்லூரில் 1500 மெகாவாட் நிலையமும் நிலக்கரியை எரித்து மின்சாரம் தருகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகள் இயங்குகின்றன. மேற்கே திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில், ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கார்களைப் பூட்டிய அதே தொழிற்சாலையிலிருந்து 2023-ல் சிட்ரோயன் கம்பெனியின் மின்சாரக் கார் வெளிவந்தது. இவற்றுக்கெல்லாம் எட்டும் தூரத்தில், அரக்கோணம் ரயில் மார்க்கத்திலுள்ள செவ்வாப்பேட்டையில், பத்தாம் வகுப்புத் தேறிய ஒரு பிள்ளை, புதிய தொழில்களில் எதைக் கற்பது, எங்கே கற்பது, கற்றபின் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்பானேயானால், மூன்று கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லக்கூடிய இலாகா ஒன்றும் இல்லை.

பசுமைப் பொருளாதாரம் கேட்கும் கைகளில் பெரும்பாலானவை எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் ஆகியோரின் பழைய கைகளே. ஆனால் அந்தக் கைகளுக்குப் புதிதாய்ச் சில ஞானங்கள் அவசியமாகின்றன. மெயினை அணைத்துவிட்டால் ஒயரில் கரண்ட் இல்லை என்பது எலக்ட்ரீஷியன் முதல் நாளே கற்கும் பாடம். மொட்டை மாடியில் பதித்த சோலார் பேனலுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. வெயில் உள்ளவரை அதில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், பத்துப் பன்னிரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் அது 400 வோல்ட்டையும் தாண்டும். அதுவும் டி.சி. கரண்டாதலால், கனெக்டர் சரியாகப் பூட்டப்படாமல் பொறி கிளம்புமானால், ஏ.சி. கரண்டைப்போல் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு அடங்கும் சுபாவம் அதற்குக் கிடையாது. விடாமல் எரிந்து அருகிலுள்ளதைப் பற்றவைக்கும். மின்சாரக் காரிலும் இப்படியே. ஆரஞ்சு நிற கேபிளைத் தொடுமுன் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகளில் தங்கிய மின்சாரம் வடியச் சில நிமிஷங்கள் காத்திருந்து, காப்புக் கையுறை அணிந்து, மீட்டரால் சோதித்த பிறகே கை வைக்கவேண்டும். இவற்றை ஒருவன் தெருவில் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று விடுவது, அவன் பிராணனைப் பணயம் வைப்பதாகும்.

கற்பிக்கும் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. தொழிற்பயிற்சித் திட்டம் 1950-ல் மத்திய சர்க்காரால் தொடங்கப்பெற்று, 1956-ல் ஐ.டி.ஐ.க்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டமும் சான்றிதழும் தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சிலிடம் இருந்தன. அந்தப் பங்கீட்டின் சாயல் இன்றும் மாறவில்லை. சூரிய மின்சாரத்துக்கென்று 600 மணி நேரப் பயிற்சியான சூரியமித்ராவை 2015-ல் ஆரம்பித்தது மத்திய அரசு. தமிழக அரசோ, டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 நிலையங்களாக்க முனைந்து, 2023 ஜூனில் முதல் தொகுதியை ஒரகடத்தில் திறந்தது. அங்கே கற்பிக்கும் புதிய பாடங்களில் மின்சார வாகன மெக்கானிக்கும் ஒன்று. அரசு ஐ.டி.ஐ.யில் பயில்பவனுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு என்பது, கூலிக்கு அனுப்பாமல் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய்க்குச் சிறிய விஷயமல்ல.

ஆயினும் ஐ.டி.ஐ.க்களை நடத்துவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை; குறுகிய காலப் பயிற்சிகளையும், 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தையும் பார்த்துக்கொள்வது திறன் மேம்பாட்டுக் கழகம்; காலநிலை இயக்கம் சுற்றுச்சூழல் துறையின் பொறுப்பு; காற்றாலை, சூரிய மின்சாரம் ஆகியவை 2024-ல் அமைந்த பசுமை எரிசக்திக் கழகத்தின் வசம்; சிப்காட் தொழில்துறையின்கீழ். ஒவ்வொன்றும் தன் கடமையைச் சிரத்தையோடு செய்கிறதென்றே கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தின் இரண்டு புறநகர் ரயில் பாதைகளான அரக்கோணம் பாதையும் கும்மிடிப்பூண்டிப் பாதையும் மாவட்டத்துக்குள் எங்குமே சந்திக்காமல் சென்னைக்குள் பேசின் பிரிட்ஜில்தான் ஒன்றுசேர்வதுபோல, இந்த இலாகாக்களும் கோட்டைக்குப் போன பிறகே ஒன்றையொன்று காண்கின்றன. எந்த ஆலை எந்த வருஷம் எத்தனை பேரை வேண்டி நிற்கும் என்று பயிற்சிக் கூடத்துக்குத் தெரியாவிட்டால், அங்கே நல்ல இயந்திரங்கள் இருந்தும் பயன் குறைவே.

அனல் மின் நிலையங்களின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. எண்ணூரின் 450 மெகாவாட் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. மற்றவற்றுக்கும் ஒரு காலம் வரத்தான் போகிறது. நிலையம் மூடினால் நிரந்தர ஊழியரை வேறிடம் மாற்றலாம். சாம்பலும் நிலக்கரியும் சுமந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவ்வித மாற்றல் உத்தரவு ஏது? நாற்பது வயதில் மறுபடியும் தொழில் கற்பதற்கு அவனுக்கும் இடம் வேண்டும், அதுவும் மூடுவதற்கு முன்பே வேண்டும்.

பரிகாரத்துக்குப் புதிய ஸ்தாபனம் எதையும் சிருஷ்டிக்க வேண்டியதில்லை என்பது என் துணிபு. மாநிலத்தின் 38 மாவட்டங்களிலும் காலநிலை இயக்கத்துக்கு இயக்குநராக இருப்பவர் கலெக்டர். மாவட்டத் திறன் மேம்பாட்டுப் பணிகளுக்குத் தலைமை வகிப்பவரும் அவரே. இரண்டு கூட்டங்களையும் வெவ்வேறு நாளில் கூட்டாமல் ஒரே மேஜையில் கூட்டி, சிப்காட் அதிகாரியையும், மின் நிலைய நிர்வாகிகளையும், ஐ.டி.ஐ. முதல்வர்களையும் அங்கே அமர்த்தி, வருகிற மூன்று வருஷத்துக்கு வேண்டிய ஆட்களின் பட்டியலை ஆலைவாரியாக எழுதி வாங்கினால், கேள்வி பாதி தீரும். மீதிப் பாதிக்குச் சட்டம் கையிலிருக்கிறது. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஸ்தாபனம் தன் ஆள்பலத்தில் நூற்றுக்கு 2.5 முதல் 15 பங்குவரை அப்ரண்டிஸ்களைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது. கும்மிடிப்பூண்டியின் உருட்டாலையிலும் அதிகத்தூரின் கார்க் கூடத்திலும் அந்த இடங்களில் எத்தனை காலியாக உள்ளன என்பதை மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாத ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு முன்பே ஊர் ஊராக, செவ்வாப்பேட்டை ரயில் நிலையச் சுவர் உட்பட, எழுதி ஒட்டவேண்டும்.